காருக்காரர் பொண்டாட்டி

"ஜப்பான்காரன் இன்ஜின்லா! தையல் மெஷின் கணக்கா ஓடும். சோக்கை லேசா இழுத்துவிட்டுச் சாவியத் திருகுனா, கொட்டுற மழையிலயும் ஒரே இழுப்புல பிடிச்சுக்கிடும். இந்த பம்பாயில அத நான் ஓட்டாத ரோடு கிடையாது, பாத்துக்கிடுங்க!"

உள்ளே உளுந்து களைந்துகொண்டிருந்த முப்பிடாதியம்மாளின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

நான் ஓட்டாத ரோடா?

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் பூதத்தான். சலவை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் பவுடர். எதிரே மூன்று கால் கம்பியில் செல்போனை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள் சாருலதா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். செம்பூரில் புதிதாகத் திறக்கப்போகும் டிபன் ஹோட்டலுக்கு விளம்பர வேலை பார்க்கிறவள். ஹோட்டல் வாசலில் ஒரு பழைய மாருதி காரை நிறுத்திவைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. பழைய கார் என்றால் ஏதோ ஒன்று போதாதாம். இட்லி சுமந்த கார் வேண்டுமாம். தாராவியில் ஒரு சந்துக்குள் அப்படி ஒன்று நிற்கிறது என்று யாரோ சொல்ல, தேடிப் பிடித்து வந்துவிட்டாள்.

"அங்கிள், டிராஃபிக்ல பயமே இருக்காதா உங்களுக்கு?" என்று கேட்டாள் சாருலதா.

"பயமா? சயான் சர்க்கிள்ல கண்ண மூடிக்கிட்டுத் திருப்புவேன்."

கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்னவோ உண்மைதான் என்று நினைத்துக்கொண்டாள் முப்பிடாதியம்மாள். லாரி எதிரே வந்தால் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடி, குலசாமி பேரைச் சொல்லிக்கொண்டு வருகிற ஆள் அல்லவா!

"சோ ஸ்வீட்! ஆன்ட்டியும் கூட வருவாளா?"

"வருவா வருவா. பக்கத்துல உக்காந்து சட்னித் தூக்க மடியில பிடிச்சுக்கிட்டு வருவா. பொம்பளைக்கு அதுக்கு மேல என்ன தெரியும்?"

உளுந்துச் சட்டியை நங்கென்று தரையில் வைத்தாள் முப்பிடாதியம்மாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூதத்தானின் பேச்சு சட்டென்று தேய்ந்தது. அவள் பார்வை படாத பக்கமாகக் கழுத்தைத் திருப்பி, கூரைத் தகரத்திலிருந்து ஒழுகும் மழைத் தண்ணீரை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

"காப்பி குடிக்கீங்களாம்மா?" என்றாள் முப்பிடாதியம்மாள், வந்த பெண்ணிடம்.

வேற்று ஆள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவள் நாக்கில் ஊறிப்போன பழக்கம்.

"அதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. ஒரு ஹெல்ப் மட்டும் பண்ணுங்கோ. போர்டு அச்சடிக்கக் கொடுக்கணும். எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத்தான் வராது. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றேளா?"

செல்போனை நீட்டினாள். மஞ்சள் பின்னணியில் பூதத்தானின் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்துகள். முப்பிடாதியம்மாள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"இந்த வண்டியை இருபது ஆண்டுகள் ஓட்டி பம்பாய்க்கு இட்லி ஊட்டிய தாராவி பூதத்தான் அண்ணாச்சி."

"கரெக்டா இருக்கா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் முப்பிடாதியம்மாள்.

மறுநாள் காலையில் இழுவை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள் சாருலதா.

அந்தக் கார் இப்போதும் சந்துக்குள், குழாயடிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நீல நிறம் வெளுத்து எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. டயரில் காற்று இல்லை. பானெட்மேல் யாராவது வற்றல் காயப்போடுவார்கள். மழைக்காலத்தில் பூனை உள்ளே குட்டி போடும். முட்டு வலி வந்து முப்பிடாதியம்மாள் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அதற்கு இந்த கதிதான்.

கார் வருவதற்கு முன்னால் அவள் பிழைப்பு தலைச்சுமை. விடியுமுன்னே பூதத்தான் அடுப்பிலிருந்து இட்லியை இறக்குவார். ஆவி பறக்கிற பெரிய அலுமினியப் பானையைச் சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றுவாள். ஒரு கையில் சாம்பார் தூக்கு, மறு கையில் சட்னித் தூக்கு. லோக்கல் ரயிலில் சாமான் பெட்டியில் மீன்காரிகளோடு முட்டிமோதி ஏறி, மாட்டுங்காவில் இறங்கி ஆபீஸ் வாசல்களில் விற்றுவிட்டு, மிச்சத்தோடு செம்பூர் போவாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது அந்தச் சுமையால்தான் என்று சயான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஏசி அனுப்பினாள்.

அப்போதுதான் மாட்டுங்காவில் தினமும் இட்லி வாங்கும் வேங்கடசுப்ரமணியன் என்ற ஆபீஸர் ரிட்டயராகிப் பாலக்காட்டுக்குப் போவதாகவும், காரை விற்கப்போவதாகவும் சொன்னார். மாருதி வந்த புதிதில் வாங்கிய கார். பாதிப் பாகம் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒவ்வொன்றிலும் ஜப்பான் என்று அச்சு இருக்கும். சீட்டுப் பணம் எடுத்தார்கள். வாங்கிவிட்டார்கள்.

யார் ஓட்டுவது? பூதத்தான்தான் முதலில் போனார். மாஹிமில் மோட்டார் பள்ளி வைத்திருந்த கரீம் பாட்சா, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பொறுமைசாலி. அவரே தலையில் கையை வைத்துக்கொண்டார். பூதத்தான் ஒருநாள் வாழைப்பழ வண்டியைச் சாய்த்தார். மறுநாள் நடைபாதையில் ஏற்றினார். அதன் பிறகு கிளட்சில் காலை வைத்தாலே தொடை வெடவெடவென்று ஆடும். "அண்ணாச்சி, நீங்க அடுப்புல நின்னா ராசா. இதுல ஏறுனா ஊருக்கு ஆபத்து. தங்கச்சிய அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார் கரீம் பாட்சா.

முப்பிடாதியம்மாள் போனாள். ஓட்டினாள். முதல் தடவையிலேயே லைசென்சும் வாங்கினாள்.

அந்தக் காரை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். வளையல்போல மெல்லிய ஸ்டியரிங். நாலே கியர். பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாக்கு விரித்துப் பானைகளை அடுக்குவாள். இட்லி ஆவியில் கண்ணாடி உள்பக்கம் வியர்க்கும். ஒரு கையால் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவாள். சாம்பார் வாசம் கூரைத் துணியில் ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை. மழைத் தண்ணீர் அரித்துக் காலடியில் ஓட்டை விழுந்து ரோடு தெரிந்தபோது, பழைய இட்லித் தட்டு ஒன்றை வைத்து அடைத்து அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டாள். கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. மாட்டுங்கா டிராஃபிக் போலீஸ்காரர் அவளை "டிரைவர் பாயி", டிரைவரம்மா, என்று கூப்பிட்டு இட்லி வாங்குவார். செம்பூர் பூக்காரி அவள் ஹாரன் சத்தத்துக்கு எழுந்து கடை விரிப்பாள்.

இதெல்லாம் சந்து வந்து ரோட்டில் சேரும் நாக்காவுக்கு அந்தப் பக்கம்தான்.

நாக்காவுக்கு இந்தப் பக்கம் பூதத்தானின் அக்கா பிச்சம்மாளும் அத்தான் வெயிலுமுத்துவும் குடியிருந்தார்கள். கார் வந்த அன்றைக்கே பிச்சம்மாள், "பொட்டச்சி ஓட்ட, எந் தம்பி பக்கத்துல பொதி மாதிரி உக்காந்து வரப்போறானா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்று இரவு பூதத்தான் சோறு தின்னவில்லை. பெண்டாட்டியிடம் கெஞ்சினார். "நாக்கா வரைக்கும் நீ ஓட்டிக்கோ. சந்துக்குள்ள மட்டும் நான் கொண்டாந்து நிறுத்துதேன். முதல் கியர்லதான. கால் ஆடுனாலும் தெரியாது."

பாவம் என்று சரி சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அன்றிலிருந்து தினமும் நாக்காவில் பால் பூத் மறைவில் வண்டி நிற்கும். முப்பிடாதியம்மாள் இறங்கி இந்தப் பக்கம் வருவாள். பூதத்தான் இறங்கி அந்தப் பக்கம் போவார். பிறகு முதல் கியரில் உறுமிக்கொண்டு, நத்தை வேகத்தில், ஹாரன் மட்டும் பலமாக அடித்துக்கொண்டு சந்துக்குள் வருவார். பிள்ளைகள் பின்னால் ஓடி வரும். காலையில் கிளம்பும்போதும் இதே கூத்துதான், தலைகீழாக. நாள் தவறாமல் இருபது வருஷம். சந்தே அவரைக் காருக்காரர் என்றது. கல்யாண வீட்டில் காருக்காரருக்கு முதல் பந்தி. அவள் காருக்காரர் பொண்டாட்டி.

சாயங்காலம் பொம்பில் மீன் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாவுப் பானைகளுக்குப் பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார் பூதத்தான். இந்த ஈரத்தில் போர்வை சுற்றாவிட்டால் மாவு பொங்காது. முப்பிடாதியம்மாள் அகப்பையோடு திரும்பினாள்.

"சட்னித் தூக்க மடியில வச்சிருந்தது யாரு?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தாண்ட கேக்கும்."

"கேக்கட்டும். யாருன்னு கேக்கேன்."

"நாந்தான். இப்ப என்னங்குத?"

"பொம்பளைக்கு அதுக்கு மேல என்ன தெரியும்னு கேட்டீரே. எனக்கு என்ன தெரியும்னு உமக்குத் தெரியாதா? சட்னி சிந்தி உம்ம வேட்டியில ஒட்டுனத தொவச்சவ நான்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது புள்ள. அந்தப் பிள்ள போனத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சதும் வாயில தானா வந்துட்டு."

"தானா வருமோ? சயான் சர்க்கிள்ல கண்ண மூடிக்கிட்டுத் திருப்புனதும் தானா வந்துதோ?"

அந்த நேரம் பார்த்து மகன் சுரேந்திரன் நனைந்த ரெயின்கோட்டோடு உள்ளே வந்தான். மாஹிமில் ஒரு கம்பெனியில் வேலை. கையில் இனிப்புப் பெட்டி.

"அம்மா, போர்டு பாத்தியா? அப்பா ஃபோட்டோ ஜக்காஸா இருக்குல்லா? அவங்க போன்ல கேட்டதும் நான்தான் எடுத்து அனுப்புனேன். அந்த லைன்கூட நான் சொன்னதுதான்."

"நீ சொன்னதா?" முப்பிடாதியம்மாளின் குரல் தாழ்ந்தது. "ஏல, நீ எங்க உக்காந்துல பள்ளிக்கூடம் போன?"

"கார்ல."

"கார்ல எங்க?"

சுரேந்திரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா போர்வை முடிச்சைப் பார்த்தார்.

"பின்னால, சாம்பார்ப் பானைக்குப் பக்கத்துல" என்றான்.

"முன்னால ஓட்டுனது யாரு?"

"அம்மா, அது எனக்குத் தெரியாதா? ஆனா சந்துல எல்லாரும் அப்பான்னுதான நினைச்சிக்கிட்டிருக்காங்க. இப்பப் போயி மாத்திச் சொன்னா அப்பா இஜ்ஜத், மரியாத என்ன ஆகும்? விடும்மா. காடிய யாரு ஓட்டுனா என்ன, குடும்பத்துக்குப் பேரு வருதுல்லா."

"குடும்பம்னா அதுல நான் எங்கல இருக்கேன்? போர்டுல எங்க இருக்கேன்? நம்ம குடும்பம் நம்ம குடும்பம்னு சொல்லியே என்னைய வழிச்சுத் தின்னுட்டீங்களே!"

"புள்ள, ஒண்ணு சொல்லுதேன் கேளு" என்றார் பூதத்தான். "விடிஞ்சா வண்டி போயிரும். அங்கன செம்பூர்ல போர்ட யாரு படிக்கப்போறா? நமக்கு வயசு போச்சு. இத்தன வருசம் சொல்லாதத இப்பச் சொன்னா நான் சந்துல தலையத் தூக்கி நடக்க முடியுமா? அக்கா காறித் துப்புவா. அத்தான் சும்மாவே வாயி. நாண்டுக்கிட்டுத்தான் நிக்கணும்."

"உமக்குத் தலையத் தூக்கி நடக்கணும். அதுக்கு நான் குனிஞ்சே கிடக்கணும். ரோட்டுல போற போலீஸ்காரனுக்குத் தெரியும் நான் டிரைவர்னு. எஞ் சொந்த சந்துல எனக்கு நான் யாருன்னு சொல்ல முடியல. இருபது வருசம் நாக்காவுல இறங்கி ஏறி, மழையில நனஞ்சு, எங் கால் முட்டே போச்சுய்யா! இப்ப வண்டியே போகுது. இதுலயும் உம்ம பேர ஒட்டி அனுப்பிட்டா, நான் ஓட்டுனேன்னு சொல்ல இந்த உலகத்துல ஒரு சாட்சி இருக்கா?"

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை. சுரேந்திரன்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான்.

விடிந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. இழுவை வண்டி நாக்காவில் நின்றது. சந்தே திரண்டு வந்துவிட்டது. குழாயடியில் குடம் வரிசையில் நிற்க, ஆட்கள் காரைச் சுற்றி நின்றார்கள். யாரோ காரைக் கழுவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பிச்சம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தாள். வெயிலுமுத்து ஒரு பெரிய சாமந்தி மாலையை வாங்கி வந்து, காருக்குப் போடுவதா மச்சினனுக்குப் போடுவதா என்று யோசித்து, கடைசியில் பூதத்தானின் கழுத்தில் போட்டார்.

"இந்தா பாருங்க தாயி" என்று சாருலதாவின் செல்போனுக்கு முன்னால் வந்து நின்றார் வெயிலுமுத்து. "எங்க மச்சான் கை பட்டா இந்தக் காரு குதிர மாதிரி. எங்க கடைசிப் பய நயினார் இந்தக் கார்லதான் பிறந்தான். மத்தியானம், பேய் மழை. எம் பொண்டாட்டிக்கு வலி வந்துட்டு. ஒரு டாக்சிக்காரன் வரல. மச்சான் வண்டிதான் காப்பாத்துச்சு. பேர் வைக்கும்போது மச்சானுக்கு வேட்டி துண்டு வச்சு, கால்ல விழுந்தோம்லா!"

நயினார் வெட்கத்தோடு சிரித்தான். கூட்டம் கை தட்டியது. பூதத்தான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"மைனி" என்றது ஒரு குரல்.

முப்பிடாதியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிச்சம்மாளுக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"மைனி, அன்னைக்கு நீங்க பின்னால படுத்துக் கத்திக்கிட்டு வந்தீங்க. உங்க தம்பி எங்க இருந்தாரு?"

பிச்சம்மாள் எலுமிச்சம்பழத்தை உருட்டினாள். "இப்ப எதுக்குடி அது?"

"மான்குர்துல ஒரு துட்டி வீட்டுக்கு, எழவு கேக்கப் போயிருந்தாரு. மழைக்குச் சந்துல ஒரு ஈ காக்கா இல்ல, கார்ல நம்ம ரெண்டு பேருதான். ஸ்டியரிங்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மறு கையால, நீங்க நாக்கக் கடிச்சுப்புடாம இருக்க உங்க வாய்க்குத் துணிய அடைச்சது யாரு? ஆஸ்பத்திரி கேட்டுல பிள்ள தல தெரியவும் வண்டிய நிறுத்தி நர்சக் கூட்டியாந்தது யாரு?"

முப்பிடாதியம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாந்தான் ஓட்டுனேன். முதல் நாள்லயிருந்து கடைசி நாள் வரைக்கும் நாந்தான். நாக்காவுல பால் பூத்துப் பின்னால இடம் மாறிக்கிடுவோம். உங்க கண்ணுக்கு இவர் ஓட்டுன மாதிரி இருக்கட்டும்னு இத்தன வருசம் உங்கள எல்லாம் ஏமாத்திட்டோம். போதுமா?"

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தாள். பூதத்தான் காரின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெயிலுமுத்து தொண்டையைச் செருமினார்.

"ஏ முப்பிடாதி, இதுக்கா இவ்வளவு ஆவேசம்? அது எங்களுக்குத் தெரியாதா?"

"என்னது?"

"முத வாரமே தெரியும் தங்கச்சி. பால் பூத்துக்காரன் வந்து சொல்லிச் சிரிச்சான்லா. நானே போயி நின்னு பாத்தேன். நீ அப்படி இறங்க, மச்சான் இப்படி ஏற. சந்துக்கே தெரியும். மச்சான் மனசு நோகக் கூடாதுன்னு நாங்கதான் காட்டிக்கிடாம இருந்தோம்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்ததும் நாலு பேர் சிரித்தார்கள். "நாங்க சின்னப் பிள்ளையில ஒளிஞ்சு நின்னு பாப்போம் மாமி" என்றான் ஒரு தடியன். "ரோஜ் கா தமாஷா! தினமும் வேடிக்கதான்!" குழாயடிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூதத்தானே அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிக்கப் பார்த்தார். பாரம் இறங்கியதுபோல இருந்தது அவர் முகம்.

முப்பிடாதியம்மாள் சிரிக்கவில்லை.

"தெரியுமா?" என்றாள். "உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அந்தக் குரலில் சிரிப்பு பொசுக்கென்று நின்றது.

"தெரிஞ்சுக்கிட்டேயா இவரக் காருக்காரர்னு கூப்பிட்டீங்க? தெரிஞ்சுக்கிட்டேயா இவருக்கு வேட்டி துண்டு வச்சீங்க? மைனி, அன்னைக்குப் பேர் வைக்கிற வீட்டுல எனக்கு என்ன வேல குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? எச்சில் எல எடுக்கச் சொன்னீங்க. உங்க உசுரயும் பிள்ள உசுரயும் கொண்டாந்து சேத்த கையி. எலயெடுத்தேன். உங்களத் தவிர யாருக்கும் தெரியாதுல்லா, அதனாலதான்னு நினைச்சு மனசத் தேத்திக்கிட்டேன். எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டேதான் எடுக்க விட்டீங்களா?"

"எந் தம்பி மானம்லாடி" என்றாள் பிச்சம்மாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"அவர் மானத்த நான் ஒருத்திதான் மறச்சு வச்சிருக்கேன்னு நினைச்சேன். சந்தே சேந்து மறச்சிருக்கு. நல்லா இருங்க! எம் மானத்துக்கு ஒருத்தர் வரலியே. நேத்துகூட இந்தப் பிள்ளையிட்ட ஒருத்தர் வாய் திறந்து, ஓட்டுனது அவதான்னு சொல்லலியே. தெரியாதவன் சொல்லலைன்னா சரி. தெரிஞ்சவன் சொல்லாம இருந்தா அதுக்குப் பேரு என்ன?"

குழாயில் ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நயினார் தலைகுனிந்து நின்றான். தான் பிறந்த கதையை அவன் இன்றுதான் சரியாகக் கேட்கிறான்.

சாருலதா மட்டும் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆன்ட்டி! மை காட்! இது எவ்வளவு பெட்டர் ஸ்டோரி தெரியுமோ? லேடி டிரைவர், அந்தக் காலத்துல, தாராவியில! நான் இப்பவே போர்ட மாத்தச் சொல்றேன். அங்கிள் ஃபோட்டோவே வேண்டாம், எடுத்துடலாம். உங்கள மட்டும் பெரிசாப் போடலாம். நெத்தியில பெரிய பொட்டு, தலையில இட்லிப் பானை, கையில கார் சாவி..."

"அவர எதுக்கு எடுக்கணும்?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"இல்ல ஆன்ட்டி, அவர் ஓட்டலையே..."

"ஓட்டல. மாவு அரச்சது யாரு? விடியுமுன்ன அடுப்பு முன்னால வெந்துக்கிட்டு நின்னது யாரு? ஒரு நாள், ஒரு இட்லி கல்லு மாதிரி இருந்துச்சுன்னு இந்த பம்பாயில ஒருத்தன் சொல்லட்டும். அது அவரு வேல. அத வச்சு அவரு பெருமப்படட்டும், நானும் சேந்து படுதேன். அவர்ட்ட இருந்து நான் ஒண்ணையும் பிடுங்க வரல. என் வேலய எனக்குத் தாங்கன்னு கேக்கேன். நேத்து அவரு, இன்னைக்கு நானா? உங்க ஓட்டலுக்கு ஒரு மூஞ்சி வேணும், அம்புட்டுத்தான? தலையில பானைய வச்சுப் போஸ் குடுக்கவாம்மா நான் கார் வாங்குனேன்? அந்தப் பானைய இறக்கத்தான் வாங்குனேன்!"

சாருலதாவின் முகம் சுருங்கியது. "சாரி ஆன்ட்டி. அப்போ... கார் குடுக்க மாட்டேளா? இழுவை வண்டி வந்து நிக்கறது."

"அம்மா..." என்று ஆரம்பித்தான் சுரேந்திரன்.

"நீ வாய மூடு. உனக்கும் இருக்கு."

முப்பிடாதியம்மாள் காரைப் பார்த்தாள். பிறகு சாருலதாவின் செல்போனைப் பார்த்தாள்.

"நேத்து இவர் பேசுனத அழிச்சிரு தாயி. போர்டும் கீர்டும் ஒண்ணும் வேண்டாம். அந்த நாற்காலிய எடுத்துக் காருக்கு முன்னால போடு. இங்க நிக்கிறவங்கள்ல யார் யாருக்கு விசயம் தெரியுமோ, அத்தன பேரும் ஒவ்வொருத்தரா அதுல உக்காந்து, அவங்கவங்க வாயால உம் போன்ல சொல்லணும். ஓட்டுனது யாருன்னு. சொல்லி முடிச்ச பொறவு வண்டிய எடுத்துட்டுப் போ. அந்தப் படத்த உங்க ஓட்டல்ல போடு. இல்லைன்னா வண்டி இந்தச் சந்தத் தாண்டாது."

"என்னத்துக்கு முப்பிடாதி இதெல்லாம், நான் குடத்தப் பாக்கணும்" என்று மெல்ல நழுவினார் வெயிலுமுத்து.

"அண்ணாச்சி, எங்க போறீங்க? முத வாரமே போயி நின்னு பாத்த ஆளுல்லா நீங்க? வரிசையில நில்லுங்க."

நயினார் அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அவருக்குப் பின்னால் நிறுத்தினான். அவர்களுக்குப் பின்னால் சுரேந்திரன் போய் நின்றான். குழாயடிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். வரிசை காரைச் சுற்றி வளைந்து குழாயடி வரைக்கும் நீண்டது.

நாற்காலி காலியாகக் கிடந்தது. எல்லோரும் பூதத்தானைப் பார்த்தார்கள்.

அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, காரின் மேலே வைத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் இளக்கம் ஏதும் தெரியவில்லை.

சாருலதா செல்போனை நேராக நிறுத்தினாள்.

"எம் பேரு பூதத்தான்" என்றார். தொடை ஆடியது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நான் இட்லி அவிக்கிறவன். எனக்கு... எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுனது எம் பொண்டாட்டி முப்பிடாதி."

"சத்தமாச் சொல்லும்" என்றாள் முப்பிடாதியம்மாள். "வரிசையில கடைசியில நிக்கவங்களுக்குக் கேக்கல."